மரங்களை, அர்போய்ன்

வண்ணாமடையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பாகுபலி படத்தில் காலகேயர்கள் பேசும் கிளிக்கி மொழியைக் கேட்டதிலிருந்து, மனிதர்கள் உட்கார்ந்து உருவாக்கிய மொழிகளின் மீது அவருக்கு ஆசை வந்துவிட்டதாம். தேடியதில் எஸ்பெராண்டோ கண்ணில் பட்டிருக்கிறது. பக்கத்தில் சொல்லித்தர ஆள் இல்லை, ஆங்கிலமும் சுமார்தான். தானே கற்றுக்கொள்ள முடியுமா, எத்தனை நாள் பிடிக்கும், கற்று என்ன செய்வது என்பவை அவருடைய மூன்று கேள்விகள்.

முடியும், தம்பி. தமிழக எல்லையை ஒட்டிய கேரள ஊரான கொழிஞ்சாம்பாறையில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டே கற்றவன் நான். 2004-ல் தொடங்கினேன். அப்போது வீட்டில் இணையம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் பாலக்காடு போய், மணிக்கு இத்தனை ரூபாய் என்று வாங்கும் கடையில் உட்கார்ந்து, திரையில் தெரியும் பாடத்தை ஆலையின் பழைய பேரேட்டில் கையால் எழுதிக்கொண்டு வருவேன். ஆங்கிலம் சுமார் என்று வருந்தாதீர்கள். எஸ்பெராண்டோப் பாடங்களில் பெரும்பாலானவை ஆங்கிலேயருக்கும் ஐரோப்பியருக்கும் எது கடினமோ அதை விளக்கவே பாதிப் பக்கத்தைச் செலவழிக்கின்றன. நமக்கு அவை கடினமே அல்ல. நம்மைக் கால் இடறிவிடும் இடங்கள் வேறு. அவற்றைப் பற்றி அந்தப் பாடங்கள் மூச்சுவிடுவதில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில், எஸ்பெராண்டோதான் வேண்டுமா என்று ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள். கிளிக்கியை உருவாக்கியவர் நம் பாடலாசிரியர் மதன் கார்க்கி. 2015-ல் படம் வந்தது, 2020-ல் அந்த மொழிக்கென்றே ஓர் இணையதளமும் வந்தது. விளையாட்டாகத் தொடங்க நல்ல மொழி. ஆனால் வாசிக்க நூலும் வம்பளக்க ஆளும் தேடினால் சீக்கிரமே கரை தட்டிவிடும். 2001-ல் சோன்யா லாங் உருவாக்கிய டோக்கி போனாவில் தொடக்கத்தில் சுமார் 120 சொற்கள்தான். ஒரு மாதத்தில் கற்றுவிடலாம், ஆனால் ஒரு மூட்டை நெல்லின் விலையை அதில் சொல்ல நாக்குத் தள்ளிவிடும். ஸ்டார் டிரெக் படங்களுக்காக மார்க் ஓக்ராண்ட் உருவாக்கிய கிளிங்கானில் செயப்படுபொருள் முதலில், வினை நடுவில், எழுவாய் கடைசியில் வரும். வேண்டுமென்றே விசித்திரமாகச் செய்தது அது. வேற்றுக்கிரகத்தார் பேசுவதல்லவா!

எஸ்பெராண்டோ வேறு வகை. அதைச் செய்தவர் லுட்விக் சாமென்ஹோஃப், கண் மருத்துவர். 1859-ல் இன்றைய போலந்தில் உள்ள பியாவிஸ்டோக் நகரில் பிறந்தார். அன்று அது ரஷ்யப் பேரரசில் இருந்தது. போலிஷ், ரஷ்யன், ஜெர்மன், யூதர்களின் இத்திஷ் என நான்கு மொழிகள் ஒரே சந்தையில் புழங்கிய ஊர். நம் கொழிஞ்சாம்பாறைச் சந்தையிலும் தமிழும் மலையாளமும் புழங்குகின்றன, சில வீடுகளில் தெலுங்கும் கன்னடமும் உண்டு. வித்தியாசம் என்னவென்றால், இங்கே மொழியால் சண்டை வருவதில்லை, விலையால்தான் வரும். அங்கே மொழிக்கொரு கூட்டமாகப் பிரிந்து பகைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து வளர்ந்த பையன், எல்லோருக்கும் பொதுவாக, யாருக்கும் சொந்தமில்லாமல் ஒரு மொழி வேண்டும் என்று நினைத்தான். 1887-ல் வார்சாவில் முதல் நூல் வெளிவந்தது. அதில் 16 விதிகளும் ஏறக்குறைய 900 வேர்ச்சொற்களும் இருந்தன. அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் 'நம்பிக்கை கொண்டிருப்பவர்' என்று பொருள்படும் எஸ்பெராண்டோ. அதுவே மொழிக்கும் பெயராயிற்று.

அந்த நூலிலேயே அவர் தம் உரிமை அனைத்தையும் விட்டுக்கொடுத்தார். மற்ற மொழிகளைப் போல இதுவும் பொதுச் சொத்து என்றார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு ஷ்லெயர் என்ற ஜெர்மன் பாதிரியார் உருவாக்கிய வோலாப்யூக் கொடிகட்டிப் பறந்தது. ஆனால் அதில் எதை மாற்றுவதானாலும் முடிவு தம்முடையதே என்று அவர் பிடிவாதம் பிடித்தார். சீடர்கள் பிரிந்துபோனார்கள், மொழியும் அடங்கிவிட்டது.

இனி மொழிக்குள் போவோம். அர்போ என்றால் மரம். ஓ என்று முடிந்தால் பெயர்ச்சொல். பன்மைக்கு ய், செயப்படுபொருளுக்கு ன். ஆக மரங்களை என்பது அர்போய்ன். இப்போது நம்முடையதைப் பிரித்துப் பாருங்கள்: மரம், கள், ஐ. வேர், பன்மை, வேற்றுமை உருபு என்று அதே வரிசை. ஓர் ஆங்கிலேயருக்கு இந்த ன் ஏன் வருகிறது என்று புரியவே வாரக்கணக்கில் ஆகும். நமக்கு அது ஐந்தாம் வகுப்பிலேயே மனப்பாடமான இரண்டாம் வேற்றுமை.

ஆனால் நம் குழியும் இங்கேதான் இருக்கிறது. தமிழில் அஃறிணைக்கு ஐ-யை விழுங்கிவிடுவோம். தண்ணீர் குடித்தேன், மரம் வெட்டினான் என்போம், தண்ணீரைக் குடித்தேன் என்று சொன்னால்தான் ஏதோ குறிப்பிட்ட தண்ணீர் என்று தோன்றும். எஸ்பெராண்டோவில் அந்தச் சலுகை கிடையாது. அக்வோ தண்ணீர் என்றால் குடிப்பது எப்போதும் அக்வோன்தான். முதல் ஆண்டு முழுவதும் நான் இந்த ன்-ஐத் தின்றுகொண்டே இருந்தேன். ஆங்கிலம் பேசுகிறவர்கள் செய்வதும் இதே பிழைதான், ஆனால் காரணம் வேறு. அவர்களிடம் அந்த உருபே இல்லை. நம்மிடம் இருக்கிறது, சோம்பலில் விட்டுவிடுகிறோம்.

வினைச்சொல்லுக்கு வாருங்கள். தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு இங்கே சின்ன ஏமாற்றம் காத்திருக்கிறது: போகிறேன், போகிறாய், போகிறார்கள் என்று ஆளுக்கொரு விகுதியை அந்த மொழியில் தேடுவார். எஸ்பெராண்டோவில் அது இல்லை. மி இராஸ், வி இராஸ், இலி இராஸ் என்று நான் போனாலும் நீ போனாலும் அவர்கள் போனாலும் ஒரே இராஸ்தான். இறந்தகாலம் என்றால் இரிஸ், எதிர்காலம் என்றால் இரோஸ். இதில் எல்லைக்காரர்களாகிய நமக்கு ஓர் அனுகூலம் உண்டு. ஞான் போகுன்னு, நீ போகுன்னு, அவர் போகுன்னு என்று காலையிலிருந்து கேட்கிற காது அல்லவா இது! பெயர்ச்சொல்லுக்குத் தமிழையும் வினைச்சொல்லுக்கு மலையாளத்தையும் கையில் வைத்துக்கொண்டால் பாதி இலக்கணம் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது.

மீதிப் பாதி ஒட்டுகள். சாமென்ஹோஃப் பள்ளி மாணவனாக இருந்தபோது தெருவில் இரண்டு பலகைகள் கண்ணில் பட்டதாகப் பின்னாளில் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஒன்றில் வாயிற்காவலர் அறை, மற்றொன்றில் மிட்டாய்க் கடை என்று ரஷ்ய மொழியில் இருந்தது. இரண்டு சொற்களும் ஸ்காயா என்று முடிந்தன. அகராதியின் கனத்தைப் பார்த்து மலைத்துப்போயிருந்த பையனுக்கு அங்கேதான் வழி கிடைத்தது. இடத்தைக் குறிக்க ஓர் ஒட்டு, ஆளைக் குறிக்க ஓர் ஒட்டு, கருவியைக் குறிக்க ஓர் ஒட்டு என்று வைத்துவிட்டால் ஒரு வேரிலிருந்து பத்துச் சொல் முளைக்கும், மனப்பாடம் செய்ய வேண்டாம் என்று நினைத்தார். ஒரே ஒரு சொல்லை எடுத்துப் பிரித்துக் காட்டுகிறேன்: மல்சானுலேயோ. சான் என்பது ஆரோக்கியம். முன்னால் மல் வந்தால் எதிர்ப்பொருள், அதாவது நோய். உல் ஆளைக் குறிப்பது, ஆகவே நோயாளி. எய் இடத்தைக் குறிப்பது. கடைசி ஓ பெயர்ச்சொல்லின் அடையாளம். நோயாளிகள் இருக்கும் இடம், மருத்துவமனை. புதிய சொல் கண்ணில் பட்டால் அகராதிக்கு ஓடாமல் இப்படிப் பூட்டைக் கழற்றிப் பாருங்கள். பத்தில் ஏழெட்டு முறை திறந்துகொள்ளும்.

எனக்கு இந்த மொழியோடு உறவு உறுதியான நாள் ஒன்று உண்டு. எஸ்பெராண்டோவில் 45 சொற்களைக் கொண்ட ஓர் அட்டவணை இருக்கிறது. யார், எங்கே, அப்போது, எல்லோரும், ஒருவருமில்லை என்ற வகைச் சொற்கள். புத்தகங்கள் எல்லாம் இதைப் பூச்சாண்டி போலக் காட்டும். ஓர் இரவு ஆலையில் நெல் அவிந்துகொண்டிருந்தது, எனக்கு வேலை இல்லை. பேரேட்டில் வரவு, பற்று என்று கோடு போட்டிருந்த பக்கத்தைத் திருப்பி ஐந்து வரிசை, ஒன்பது பத்தி கிழித்தேன். எங்கே என்பது கீஎ. அங்கே தீஎ. எங்கும் என்பது ச்சீஎ. எங்கோ என்றால் ஈஎ. எங்கும் இல்லை, நெனீஎ. எழுதி முடித்துவிட்டு அதன் கீழேயே தமிழையும் எழுதினேன்: எங்கே, அங்கே, எங்கும், எங்கோ. எப்போது, அப்போது, எப்போதும், எப்போதோ. எவ்வளவு, அவ்வளவு, எவ்வளவோ. சிரித்துவிட்டேன். தொல்காப்பியர் காலத்திலிருந்தே சுட்டு என்றும் வினா என்றும் பெயர் வைத்து நாம் புழங்கும் அதே ஏற்பாடு. எகரத்தில் தொடங்கினால் கேள்வி, அகரத்தில் தொடங்கினால் சுட்டு, உம் சேர்த்தால் எல்லாம், ஓ சேர்த்தால் ஏதோ ஒன்று. சொல்லப்போனால் ஓரிடத்தில் நம்முடையது இன்னும் கச்சிதம். இங்கே என்று சொல்ல எஸ்பெராண்டோக்காரர் தீஎ-க்குப் பக்கத்தில் ச்சி என்று தனிச்சொல் ஒன்றை ஒட்டவைக்க வேண்டும். நாம் அகரத்தை இகரமாக்கிவிட்டுப் போய்விடுவோம். சாமென்ஹோஃப் தமிழைப் பார்த்ததில்லை, பார்த்திருந்தால் கொஞ்சம் பொறாமைப்பட்டிருப்பார். அந்த 45 சொற்களும் அன்றிரவே மனத்தில் ஏறிவிட்டன. ஆங்கில விளக்கத்தின் வழியாகப் போயிருந்தால் ஒரு மாதம் ஆகியிருக்கும்.

இப்போது பிரச்சினைகள். மேலே நான் எஸ்பெராண்டோச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். உங்களுக்குக் காட்ட வேறு வழியில்லை என்பதால் எழுதினேன். உங்கள் நோட்டுப் புத்தகத்தில் ஒருபோதும் அப்படி எழுதாதீர்கள். பானோ என்று எழுதினால் அது ரொட்டியா, குளியலா? ரொட்டி என்றால் பல் என்று சொல்லும்போது வரும் ப. குளியல் என்றால் அம்பு என்று சொல்லும்போது வரும் ப. நமக்கு இரண்டும் ஒரே எழுத்து, அவர்களுக்கு வேறு வேறு. தெந்தோ என்றால் பல்லா, கூடாரமா? தீஓ என்றால் கடவுளா, 'அது' என்ற சுட்டா? வேதாந்திகளுக்கு இந்தக் கடைசி ஜோடி பிடித்துப்போகலாம், மற்றவர்களுக்குக் குழப்பம்தான்.

நான் கற்ற விதமே வேறு, அதனால் பட்ட அவமானமும் வேறு. பேரேட்டில் எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலேயே எழுதி வைத்திருந்தேன். ஹங்கேரியில் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் கடிதத் தோழராகக் கிடைத்தார். காலையில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டிருந்தார். இட்லியை விளக்க நான்கு பக்கம் ஆகும் என்று பயந்து, அவருக்குப் புரியட்டும் என ரொட்டி சாப்பிடுவேன் என்று எழுதினேன். பேரேட்டைப் பார்த்து ரோமன் எழுத்துக்கு மாற்றும்போது தவறான ப விழுந்துவிட்டது. தினமும் காலையில் நான் குளியலைச் சாப்பிடுவதாகக் கடிதம் போய்ச் சேர்ந்தது. சோப்போடா, சோப்பில்லாமலா என்று பதில் வந்தது. பொய் சொல்லப் போய் மாட்டிக்கொண்டேன் என்பதும் உண்டு. மறுவாரமே புதிய நோட்டு வாங்கி முதலிலிருந்து ரோமன் எழுத்தில் எழுதத் தொடங்கினேன். மொத்தம் 28 எழுத்துகள், அவற்றில் ஆறுக்குத் தலையில் குறி உண்டு. எழுத்துக்கு ஓர் ஒலி, ஒலிக்கு ஓர் எழுத்து. கடைசிக்கு முந்தைய அசையில் எப்போதும் அழுத்தம். ச, ஸ, ஷ, ஜ வட்டாரத்தில் மட்டும் ஏழு ஒலிகள் இருக்கின்றன. அவற்றுக்கு இரண்டு வாரம் தனியாக ஒதுக்குங்கள். ப, த, க ஒலிகளைப் பிரித்துக் கேட்க, மலையாளம் பள்ளியில் படித்த நண்பர் யாரையாவது எதிரில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள். எஸ்பெராண்டோ தெரியாவிட்டாலும் அவருக்கு அந்த ஒலிகள் தெரியும். என் மனைவிதான் எனக்கு வாசித்தாள்.

லா என்று ஒரு சார்படை உண்டு, ஆங்கிலத்தின் the போல. தமிழில் அது இல்லாததால் எங்கே போடுவது என்று கடைசிவரை சந்தேகம் இருக்கும். கவலை வேண்டாம், கடினமாக நினைப்பவர்கள் அதைப் பயன்படுத்தாமலே இருக்கலாம் என்று முதல் விதியின் கீழேயே சாமென்ஹோஃப் குறிப்பு எழுதியிருக்கிறார். அந்தச் சலுகையை நான் இன்றும் தாராளமாக அனுபவிக்கிறேன். பெயரடைக்கும் பன்மை, வேற்றுமை ஒட்டவேண்டும் என்பது இன்னொன்று. பெரிய மரங்களை என்பதில் பெரிய என்ற சொல்லுக்கும் அந்த ய், ன் இரண்டும் வேண்டும். இது பழக்கத்தால் வரும். 16 விதிகளில் முழு இலக்கணமும் அடங்கிவிட்டது என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். அது கொஞ்சம் விளம்பரம்.

உண்மையான கஷ்டம் இலக்கணத்தில் இல்லை, தம்பி. பேச ஆளில்லாததுதான் கஷ்டம். நான் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து இந்த ஆலைக்கு வேலைக்கு வந்த புதிதில் ஒரு தொழிலாளி 'பனி' என்று சொல்லி விடுப்புக் கேட்டார். பனிக்கா விடுப்பு, கம்பளி போர்த்திக்கொண்டு வாருங்கள் என்றேன். மலையாளத்தில் அது காய்ச்சல் என்று சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் தெரிந்துகொண்டேன். அந்தச் சொல்லை இந்த ஜென்மத்தில் மறக்கமாட்டேன். மலையாளத்தை எனக்கு எந்தப் புத்தகமும் கற்றுத்தரவில்லை. களமும் பஸ் நிலையமும் கற்றுத்தந்தன. பிழை விட்ட அடுத்த நொடியே யாராவது சிரிப்பார்கள், திருத்துவார்கள். எஸ்பெராண்டோவில் பனி மாதிரியான பொறிகள் குறைவு. ஆனால் சிரிக்கவும் யாரும் இல்லை. மூன்று மாதம் தப்பும் தவறுமாகத் தனியே பேசிக்கொண்டிருந்தாலும் கேட்க ஆளிருக்காது.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. திரான்சில்வேனியாவில் ஆந்த்ரேயோ செ என்ற பாதிரியார் 1920-ல் வெவ்வேறு தாய்மொழிக்காரர்கள் கலந்து உட்கார்ந்திருந்த வகுப்புக்கு எஸ்பெராண்டோ நடத்த வேண்டியிருந்தது. எந்த மொழியில் விளக்குவது? எதிலும் விளக்கவில்லை. பொருளைக் காட்டி எஸ்பெராண்டோவிலேயே கேள்வி கேட்டார், வகுப்பு சேர்ந்து பதில் சொன்னது. சாமென்ஹோஃபின் இளைய மகள் லிதியா இந்த முறையில்தான் நாடு நாடாகப் போய்க் கற்பித்தார். (1942-ல் திரெப்லிங்கா வதைமுகாமில் அவரைக் கொன்றார்கள். அவருடைய அண்ணனும் அக்காவும்கூட நாஜிகளின் கையில்தான் மாண்டார்கள். இது வெறும் பொழுதுபோக்கு மொழி என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வருவது இதனால்தான்.) தனியாகக் கற்பவரும் இதைச் செய்யலாம். கேள்வியையும் நீங்களே கேளுங்கள், பதிலையும் நீங்களே சொல்லுங்கள், ஆனால் வாய்விட்டுச் சொல்லுங்கள். கியோ எஸ்தாஸ் தீஓ? அது என்ன? அது மரம். அது தென்னையா? இல்லை, பனை. ஆலைக் களத்தில் நெல் காய்வதைப் பார்த்துக்கொண்டே இப்படி முணுமுணுத்ததில் எனக்குப் பேய் பிடித்துவிட்டதாக ஒரு வாரம் பேச்சு இருந்தது.

பாடத்துக்கு இரண்டு மூன்று போதும். லெர்னு என்ற இலவச இணையதளம் 2002-லிருந்து இருக்கிறது. நான் பாலக்காட்டில் பார்த்து எழுதியது அதைத்தான். டுவோலிங்கோவில் 2015 முதல் ஆங்கிலம் வழியாக எஸ்பெராண்டோ உண்டு. ஒலிகளைக் கேட்கப் பயன்படும், அதன் மொழிபெயர்ப்புப் பயிற்சிகளில் மட்டும் மயங்கிவிடாதீர்கள். ஒரு மாதம் ஆனதும் கதை வாசிக்கத் தொடங்குங்கள். கிளாட் பிரோன் என்ற சுவிஸ் உளவியலாளர் 1983-ல் எழுதிய 'கெர்தா மலபேரிஸ்' தொடக்கநிலையாளருக்காகவே, சொற்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அறிமுகப்படுத்திச் செல்லும் துப்பறியும் கதை. தலைப்பையே கழற்றிப் பாருங்கள்: அபேர் தோன்றுதல், மல் சேர்ந்தால் மறைதல், இஸ் இறந்தகாலம். கெர்தா காணாமல் போனாள். பிறகு எஸ்பெராண்டோ விக்கிப்பீடியா. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பொருளில் வாசியுங்கள், தெரியாத சொல்லும் பிடிபடும்.

எத்தனை நாள் என்று கேட்டீர்கள். நாளுக்கு அரை மணி நேரம் என்ற கணக்கில் எனக்குக் கதை வாசிக்க ஏழு மாதம் ஆயிற்று. தடுமாறாமல் கடிதம் எழுத ஒன்றரை ஆண்டு. பேச்சு இன்றும் திக்கித் திக்கித்தான். பயன் என்ன என்றால், வேலை கிடைக்காது. அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வில் ஒரு மதிப்பெண்கூட அதிகம் வராது. எனக்குக் கிடைத்தது அந்த ஹங்கேரிக்காரரோடு ஒன்பது ஆண்டுக் கடிதப் போக்குவரத்து, பிறகு என் சொந்தத் தமிழில் நான் கவனிக்காமலே விட்டிருந்த ஐ-யும் உம்-மும் ஓ-வும்.

முதல் வாரத்துக்கு இருபது வேர்ச்சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கண்ணெதிரே இருப்பவையாக இருக்கட்டும்: மரம், தண்ணீர், வீடு, நாய். ஒவ்வொன்றுக்கும் பன்மை, செயப்படுபொருள், பிறகு பொருந்துமிடத்தில் மல் போட்டுப் பாருங்கள். வார முடிவில் ஐந்தே வாக்கியம் ஓர் அஞ்சலட்டையில், ரோமன் எழுத்தில் எழுதி எனக்கு அனுப்புங்கள். சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்புகிறேன். முதல் போக அறுவடை தொடங்கிவிட்டால் ஆலையில் நெல் வந்து குவிந்துவிடும், அப்போது பதில் பத்து நாள் தாமதமாகும்.